பிலோமினா அழித்த இரண்டாவது பொட்டு

செய்தி வந்தபோது எனக்குப் பிடிக்காத ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் இப்போது இருக்கும் கிளியரிங் ஏஜென்சியில், கவுண்டரில் டைப் அடிக்கும் கஸ்தூரி அம்மாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. "ரொம்ப ஸ்லோ யசோதரா. புது கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தும் அதே கதைதான். நீயே பக்குவமா சொல்லிடும்மா" என்றார். நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு விதவையிடம் இதை எந்தப் பக்குவத்தில் சொல்வது? அப்போதுதான், பழைய யார்டில் என்னோடு கவுண்டரில் இருந்த தேவகியிடமிருந்து போன்.

"யசோ, பிலோக்கா பூட்டாங்கடி. காத்தாலதான். நான் வூட்டாண்டதான் கீறேன். நீ கெளம்பி வந்துடு."

"நெஜமாவா?" என்று கேட்டேன். சாவுச் செய்தி சொல்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? தேவகி அழுதாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், பிலோக்கா கேட்டிருந்தால் என்னைத் திட்டியிருக்கமாட்டார். யார் எதைச் சொன்னாலும் "நெஜமாவா? காட்டு" என்று கேட்டே வாழ்ந்த மனுஷி அவர்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எங்களோடு வேலை செய்தவர்களுக்குப் பிலோமினா யார் என்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் சர்ச் மணி கேட்கிற தூரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டியவர். அப்பாவிடமிருந்து உரத்த குரலும், எந்தக் கொக்கியையும் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் சுமையை ஏற்றாத புத்தியும் அவருக்கு வந்திருந்தன. யார்டின் சிஸ்டம் இன்சார்ஜ் அவர்தான். என்னைவிடச் சற்று மூத்தவர். நேரில் நாங்கள் 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசிக்கொள்வோம். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. இருந்திருந்தால், "இன்னாடி, செத்ததும் மரியாதை கூடிப்போச்சா?" என்று கேட்டிருப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த வாரமே யார்டு முழுக்கப் பேர் வாங்கிவிட்டார். சர்வர் அறைச் சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்தது. மேனேஜர் சபாபதி சாரிடம் அது வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறார். "அதான் மாட்டியிருக்கேம்மா" என்றார் அவர். "மாட்டிகினு கீறது தெரியுது சார். வேல செய்யுதா?" என்று சொல்லிக்கொண்டே சிலிண்டரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, பின்னைப் பிடுங்கி, அழுத்தினார். கிழவர் தும்மினாற்போல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். கொஞ்சம் வெள்ளைப் பவுடர் சபாபதி சாரின் பாலிஷ் போட்ட ஷூமேல் விழுந்தது. கவுண்டரில் இருந்த நாங்கள் நான்கு பெண்களும் சிரிப்பை அடக்கமுடியாமல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டோம். மறுநாளே புது சிலிண்டர் வந்தது. அதையும் சுவரில் மாட்டவிடாமல் முதலில் அழுத்திப் பார்க்கவேண்டும் என்றார் பிலோக்கா. சப்ளை செய்தவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

'கீறது வேற, வேல செய்யறது வேற.' இதுதான் அவர் வாயில் எப்போதும் புரண்ட வாக்கியம். யார்டில் எல்லாரும் அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வோம். கல்யாணமான பெண்கள் தங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக்கூட அப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வாக்கியம் ஒருநாள் என் சோற்றைக் காப்பாற்றும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த ஆண்டு அது. எங்கள் கம்ப்யூட்டர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை, முன்பே படுத்துக்கொண்டது. டிரெய்லர் டிரைவர் கேட்டில் காகிதத்தை நீட்டுவார். கன்டெய்னர் எண், வண்டி எண் எல்லாம் அடித்து நான் பட்டனைத் தட்டுவேன். திரையில் அந்த மணல் கடிகாரம் வந்து நிற்கும். நின்றால் நின்றதுதான். வண்டியை உள்ளே விடும் பாஸ் அச்சாகி வருவதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்து, எண்ணூர் போகிற சாலை வரைக்கும் வால் நீண்டுவிடும். வெயிலில் எஞ்சினோடு வேகும் டிரைவர்களுக்கு மணல் கடிகாரம் தெரியாது. எங்கள் முகம்தான் தெரியும்.

"இன்னாம்மா, கண்ணத் தொறந்துகினே தூங்கறியா? நாஸ்தா கூட துன்னாம நின்னுகினு கீறேன்!"

"நைனா, நான் தட்டி எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? பெட்டிதான் குடுக்கமாட்டேங்குது."

"ஆமா, பெட்டி மேல பழி போடு. சொல்லமாட்டியா பின்ன!"

வியாசர்பாடியில் வளர்ந்தவள் நான். எனக்கும் வாய் உண்டு, திருப்பிக் கொடுப்பேன். ஆனால் மாலையில் எம்.கே.பி. நகர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் அழுகை வரும். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் காலில் அடிபட்டுப் படுத்திருந்த அப்பா, கால்பந்து ஒன்றைத் தவிர வேறெதையும் தொடாத தம்பி, எல்லாரும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் நான்கு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள். போ என்றால் போகவேண்டியதுதான்.

பிலோக்கா சண்டை போட்டு சர்வருக்கு இரண்டாவது பிராசசர் வாங்க வைத்தார். பிராசசரைக் கம்ப்யூட்டரின் மூளை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "மூளையும் இல்ல, ஒரு எழவும் இல்ல. அது வேல செய்யற ஆளு. இதுவரைக்கும் ஒரு ஆளு செஞ்சான், இனிமே ரெண்டு ஆளு" என்று எங்களுக்கு விளக்கினார். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் முரளி வந்தார். பெட்டியைத் திறந்தார், இரண்டாவது பிராசசரைச் சொருகினார், மூடினார். சபாபதி சார் சும்மா ஆன் பண்ணவிடுவாரா? யார்டில் புது ஃபோர்க்லிஃப்ட் வந்தாலும் பூஜை, புது ஜெராக்ஸ் மிஷின் வந்தாலும் பூஜை. தேவகி பெட்டியின் நெற்றியில் சந்தனம் தடவி, அதன்மேல் இரண்டு குங்குமப் பொட்டு வைத்தாள். பிராசசருக்கு ஒன்றாக இரண்டு. எங்களுக்கெல்லாம் அது ரொம்பப் பிடித்துப்போனது.

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. பிராசசர் இரண்டு என்று அதில் வந்தது. "ரெண்டு வந்துடுச்சு!" என்று முரளி கை தட்டினார். எல்லாரும் தட்டினோம். சபாபதி சார் உடனே கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் திருப்பி எங்கள் பக்கம் நீட்டினார். நாங்கள் வரிசையாக வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டோம். நான் புத்தர் படம் மாட்டிய வீட்டுப் பெண், பிலோக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தாலும் மரியாதைக்கு நாங்களும் திரும்பி ஒற்றிக்கொண்டோம். தட்டு சுற்றி முடிந்தபோது திரையில் வழக்கமான பச்சைப் பின்னணியும் ஐகான்களும் வந்திருந்தன. வேலை ஒழுங்காக முடிந்தது என்று பிலோக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேசரி சாப்பிட்டோம்.

மறுநாள் கேட்டில் அதே மணல் கடிகாரம். அதற்கு மறுநாளும் அதேதான். வண்டிகளின் வால் ஒரு முழம்கூடக் குறையவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு சபாபதி சார் எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். தலைமை அலுவலகம் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "மிஷினை டபுள் பண்ணியாச்சு. ஆட்கள் மட்டும்தான் பழசு. அப்போ தப்பு எங்கேன்னு நீங்களே சொல்லுங்க. மாசக் கடைசியில இந்த வேலையை வெளியில ஒரு கம்பெனிக்குக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டாங்க. வேற வேலை தேடிக்குங்கம்மா" என்றார்.

தேவகி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக சர்வர் அறைக்குள் நுழைந்தேன். அங்கே செருப்போடு போவது கொலைக்குற்றம்.

"இன்னாக்கா, உன் ரெண்டாவது ஆளு நல்லா வேல செய்யறானா? அவன் வந்தான், நாங்க வெளிய போறோம்!"

பிலோக்கா என் செருப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விஷயத்தை முழுதும் கேட்டுக்கொண்டு, "நீங்க ஸ்லோவா? நெஜமாவா?" என்றார்.

"என்னையே கேக்கறியா?"

"உன்ன கேக்கல. பாக்கறேன், வா" என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார்.

அன்று மதியம் முழுக்க அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கவேயில்லை. என் கைகளைத்தான் பார்த்தார். டிரைவர் காகிதம் நீட்டுவதிலிருந்து நான் பட்டனைத் தட்டுவது வரைக்கும் என் விரல்களை விட்டு அவர் கண் நகரவில்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னாக்கா, ரேகை பாக்கறியா?"

"ஆமா. ஆயுசு கெட்டி. வேலையப் பாரு."

கடைசியில் எழுந்து நாற்காலியை மடக்கினார். "உன் கை நிக்கவேயில்ல யசோ. பெட்டிதான் நின்னுகினு கீது" என்றார்.

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. நான்கு மாதமாக டிரைவர்களும் மேனேஜரும் முகத்தில் அடித்ததுபோல் சொல்லியும், நான் வேகமாகத்தான் அடிக்கிறேன் என்று யாரிடமும் நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே!

அங்கிருந்து சர்வர் அறைக்குப் போனவர், பெட்டி எவ்வளவு உழைக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் படத்தைத் திறந்தார். டாஸ்க் மேனேஜர் என்பார்கள். இரண்டு பிராசசர் என்றால் அங்கே இரண்டு கட்டம் இருக்கவேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு கோடு ஓடவேண்டும். ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் கோடு கூரையை முட்டிக்கொண்டு நின்றது. பிலோக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெட்டியிடம் போய், கட்டைவிரலால் இரண்டாவது குங்குமப் பொட்டை அழித்தார்.

"ஐயோ அக்கா! பூஜை பண்ணது!" என்று தேவகி பதறினாள்.

"இல்லாத ஆளுக்கு இன்னாத்துக்குடி பொட்டு?" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் முரளி வந்தார். நல்ல பையன், ஆனால் கொஞ்சம் உதார் விடுவார். கட்டம் ஒன்றுதான் தெரிகிறது என்றதும், "மேடம், அது வெறும் வியூ செட்டிங். ரெண்டையும் சேர்த்து ஒரே கட்டத்துல காட்டும். பிரிச்சுக் காட்டச் சொன்னா பிரிச்சுக் காட்டும்" என்றார். சபாபதி சாரும் வந்து நின்றார். "அதானே" என்று நிம்மதியாகத் தலையாட்டினார்.

"பிரிக்கிற மெனுவே அதுல இல்ல முரளி. சரி, நீ சொல்றதையே வெச்சுக்குவோம். ரெண்டும் சேர்ந்துதான் இந்த ஒரே கட்டத்துல கீதுங்க. இப்போ ஒரே ஒரு வேல குடுக்கறேன். பிரிக்க முடியாத வேல, ஒரு ஆளு மட்டும் செய்யற வேல. ரெண்டு ஆளு கீறான்னா, ஒருத்தன் செய்வான், ஒருத்தன் சொம்மா நிப்பான். அப்போ கோடு எதுவரைக்கும் ஏறணும்?"

முரளி யோசித்தார். "பாதி வரைக்கும்."

"முழுசா ஏறினா?"

கேட்டை அரை மணி நேரம் நிறுத்தி, மற்ற எல்லா வேலைகளையும் மூடிவிட்டு, பிலோக்கா தானே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்றைத் தட்டிவிட்டார். விடாமல் ஒன்றோடு ஒன்று கூட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர அது வேறெதுவும் செய்யாது. தரையில் கிடந்த கோடு எழுந்தது. பாதியைத் தாண்டியது. நேராகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒத்த ஆளு" என்றார் பிலோக்கா.

சபாபதி சாருக்கு மனசு ஒப்பவில்லை. "அன்னிக்கு எல்லாரும் பார்த்தோமேம்மா, ரெண்டுன்னு வந்துச்சே. கற்பூரம்கூடக் காட்டினேனே!"

"இன்னொரு தபா பார்த்துடுவோம் சார். ஆனா இந்த வாட்டி யாரும் திரும்பக்கூடாது" என்று சொல்லி, சர்வரை அணைத்து மறுபடி ஆன் செய்தார். கறுப்புத் திரை வந்தது. பிராசசர் இரண்டு. "பாரும்மா, ரெண்டு!" என்றார் சபாபதி சார். "கண்ண எடுக்காதீங்க சார்" என்றார் பிலோக்கா. கறுப்புத் திரை போய் நீலத் திரை வந்தது. உச்சியில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. அதைப் பிலோக்கா விரல் வைத்து உரக்கப் படித்தார். சிஸ்டம் பிராசசர், ஒன்று. சில விநாடிகள்தான். நீலம் மறைந்து வழக்கமான திரை வந்துவிட்டது.

எங்களுக்கு விளக்கினார். கறுப்புத் திரை பேசுவது பெட்டியின் பேச்சு. தனக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. நீலத் திரை பேசுவது ஓ.எஸ்.ஸின் பேச்சு. அதுதான் மேஸ்திரி, வருகிற வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான். "மேஸ்திரிய இங்க கொண்டாந்து உட்கார வெச்சப்போ ஒரு ஆளுதான் இருந்தான். அவனுக்கு அந்த ஒருத்தனைத்தான் தெரியும். ரெண்டாவது ஆளு வந்தது அவனுக்கு யாரும் சொல்லல. அந்த ரெண்டாவது ஆளு பாட்டுக்கு ஓரமா நின்னு பீடி புடிச்சுகினு கீறான்." பூஜையன்று அந்த நீலத் திரை வந்து போன நேரத்தில்தான் நாங்கள் எல்லாரும் கற்பூரத் தட்டின் பக்கம் திரும்பி, கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தோம். முரளியும்தான். அவர் தலை குனிந்து, "ஆமா மேடம், அதுவே கண்டுபிடிச்சுக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இதோடு விட்டிருந்தால் பழி முரளியின் தலையில் முடிந்திருக்கும். சபாபதி சாருக்கு அந்த நேரத்தில் கோபத்தை இறக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. "வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டது யாரும்மா? நான் ஹெட் ஆபீஸுக்கு என்னன்னு சொல்லுவேன்? ஆட்கள்தான் சரியில்லன்னு சொல்லி எல்லாம் முடிவாயிடுச்சு" என்று கத்தினார். கொஞ்சம் தணிந்து, குரலையும் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். "அமைதியா சரி பண்ணிடுங்க. இதை வெளிய விடவேணாம். அந்தக் கான்ட்ராக்ட் விஷயம் அது பாட்டுக்கு நடக்கட்டும்."

அவர் கொடுத்தது நல்ல வழிதான். பிலோக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் கையெழுத்தை யாரும் தோண்டியிருக்கமாட்டார்கள். நாங்கள் நான்கு பேர் போயிருப்போம், புது ஆட்கள் வந்திருப்பார்கள், பெட்டி வேகமாக ஓடியிருக்கும், புது ஆட்களால்தான் எல்லாம் நடந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"கையெழுத்துப் போட்டது நான்தான் சார்" என்றார் பிலோக்கா. "எல்லாரும் கற்பூரத்தப் பாக்கலாம். நான் மட்டும் திரையப் பார்த்திருக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அத்த நீங்களே எழுதுங்க, நானும் எழுதித் தரேன். என் தப்ப மறைக்கறதுக்கு இந்த நாலு பேர வெளிய அனுப்பணும்னா, அது நம்மளால ஆவாது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் பற்றி எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், சொல்லும்போதெல்லாம் இன்னும் சிலிர்க்கிறது. தைரியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் பாக்சிங் வளையத்தில் மூக்கு உடைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தன் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்து, வெளிச்சம் போட்டு, விரல் வைத்துப் படித்துக் காட்டி, இது என்னுடையது என்று சொன்ன ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் அதிகம் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வண்டி குறைவு. சர்ச்சிலிருந்து பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக யார்டுக்கு வந்தார் பிலோக்கா. சரிசெய்து முடித்ததும் கவுண்டரிலிருந்து அடித்துப் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார். முரளி சி.டி.யோடு வந்தார். ஓ.எஸ்.ஸின் உள்ளே ஒற்றை ஆளுக்கென்று இருந்த அடிப்படைக் கோப்புகளை எடுத்துவிட்டு, பல ஆட்களை ஏவத் தெரிந்தவற்றை வைக்கவேண்டும். பிசகினால் பெட்டி எழுந்திருக்காது, திங்கட்கிழமை கேட் திறக்காது. யார்டின் கணக்கு மொத்தத்தையும் டேப்பில் நகல் எடுத்து, அந்த டேப்பிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் முரளியைக் கைவைக்கவிட்டார். டேப் கீறது வேற அல்லவா?

ஆன் செய்தபோது பிலோக்கா திரையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நீ படி யசோ. என் கண்ணு மேல எனக்கு நம்பிக்க இல்ல, ஆசப்பட்டுத் தப்பா படிச்சுடுவேன்."

கறுப்பு போனது, நீலம் வந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துகள் எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துவிட்டன. எண் மட்டும் தெரிந்தது. "ரெண்டு! அக்கா, ரெண்டு!" என்று கத்தினேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தார் முரளி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம். நான் கவுண்டருக்கு ஓடி ஒரு பாஸ் அடித்தேன். பட்டனைத் தட்டிய விரலை எடுப்பதற்குள் பிரின்டர் கத்தியது. நான் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால், பிலோக்கா தேவகியின் குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டினார். "நீ வை."

"நானா? எங்க வூட்ல நாங்களே வெச்சுக்கறதில்லக்கா."

"நானும்தான் வெச்சுக்கறதில்ல. பழக்கத்துல வெக்கற கை வேணாம். எண்ணிப் பார்த்து வெக்கற கை வெக்கட்டும்."

வைத்தேன். பழக்கமில்லாத கை, பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது. அவர் அதைச் சரிசெய்யவிடவில்லை.

திங்கட்கிழமை மதியத்துக்குள் சாலையில் வால் இல்லை. தினமும் என்னைத் திட்டிய அதே டிரைவர் பாஸைக் கையில் வாங்கி, நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ஒரே ராத்திரில டைப்பிங் கிளாஸ் போயினு வந்தியா?" என்றார். அதே கைதான் நைனா, அதே கைதான். மாசக் கடைசி வந்தது, போனது. நாங்கள் நான்கு பேரும் அதே நாற்காலிகளில் இருந்தோம். சபாபதி சார் எங்கள் முன்னால் வந்து நின்று, "தப்பா நெனச்சிட்டேன்மா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதுவும் எல்லா மேனேஜரும் சொல்வதில்லை.

பிலோக்காவை எண்ணூர் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சிஸ்டம் டிபார்ட்மென்ட் என்றால் ஒரு மேஜை, ஒரு ஃபேன். வரவேண்டிய சீனியர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. நாங்கள் நான்கு பேரும் கிளம்பிப்போய் அழுதோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு ஒப்பாரி? கடக்காத்து ஜிலுஜிலுன்னு வருது பாரு" என்றார். சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம். அவரோடு இருக்கும்போது ரொம்ப நேரம் அழமுடியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். ரத்தத்தில் புற்று என்றார்கள். சொல்லி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. பிலோக்கா மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, தலைக்குமேல் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைக் கண்ணால் காட்டினார்.

"தொங்கிகினு கீது, சரி. சொட்டுதா பாரு."

பார்த்தேன். சொட்டவில்லை. நின்றுபோயிருந்தது. நான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அந்த அம்மா குழாயைச் சரிசெய்து, சொட்டு விழ ஆரம்பித்ததும், "எப்படிப் பார்த்தீங்க?" என்று என்னைக் கேட்டார். பிலோக்கா அதற்குள் கண்ணை மூடி, மற்றவர்களோடு ஜெபத்தின் கடைசி வரியைச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

காசிமேட்டுக் கல்லறையில் அவரை வைத்துவிட்டு வந்தோம். முரளி வந்திருந்தார், தலையில் நரை. சபாபதி சாரும் கைத்தடியோடு வந்து ஒரு பிடி மண் போட்டார். எல்லாரும் பிலோமினா எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் அறிவாளி என்று பேசிக்கொண்டார்கள். இன்றைக்குக் கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் உட்கார்ந்திருக்கிறான், மேஸ்திரிக்கும் அவர்களைத் தெரிகிறது. அவர் அன்று தேடிக் கண்டுபிடித்த கோளாறு இனி யாருக்கும் வராமலே போகலாம். அந்த அறிவு எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை, இப்போதும் புரியாது. என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு நாற்காலி. ஒருத்தரைப் பற்றி ஊரே ஒரு முடிவு சொன்னாலும், அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிற நாற்காலி.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். முதலாளி கண்ணாலேயே "சொல்லியாச்சா?" என்று கேட்டார். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கவுண்டரில் கஸ்தூரி அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பயந்துவிட்டார். "ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றேன். மதியம் முழுக்க அங்கேயே இருந்தேன். திரையை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

கஸ்தூரி அம்மாவின் கை நிற்கவேயில்லை.